பல மதிப்புகளைத் தேர்ந்தெடுத்துத் தேடல் முடிவுகளை வடிகட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபில்டரில் ஒரே ஒரு மதிப்பைத் தேர்ந்தெடுக்கும் வரை வேலை சுலபம். பயனர் இரண்டாவது செக்பாக்ஸைத் தொட்டதும் தொல்லை ஆரம்பிக்கிறது. தொல்லைகளில் பாதி நிரல் சார்ந்தவை அல்ல. இந்த இரண்டு டிக்குக்கும் சேர்த்து என்ன அர்த்தம் என்று யாரும் உட்கார்ந்து முடிவு செய்யாததால் வருபவை. கீழே உள்ள பதில்களுக்கு உதாரணமாக ஆடைகள் விற்கும் ஒரு வலைத்தளத்தை வைத்துக்கொள்வோம். நிறம், அளவு, துணி, பிராண்ட் என்று நான்கு ஃபில்டர்கள். நீங்கள் எந்த மொழியில், எந்த ஃபிரேம்வொர்க்கில் எழுதினாலும் இதே கேள்விகள்தான் வரும்.

சிவப்பு, நீலம் இரண்டையும் தேர்ந்தெடுத்தால் எதைக் காட்ட வேண்டும்?

சிவப்புச் சட்டைகளையும் காட்ட வேண்டும், நீலச் சட்டைகளையும் காட்ட வேண்டும். ஒரே ஃபில்டருக்குள் ‘அல்லது’, வெவ்வேறு ஃபில்டர்களுக்கு இடையே ‘மற்றும்’. சிவப்பு, நீலம், எல் சைஸ் என்று மூன்று டிக் இருந்தால் அதன் பொருள்: நிறம் சிவப்பாகவோ நீலமாகவோ இருக்கலாம், ஆனால் அளவு எல் ஆகத்தான் இருக்க வேண்டும்.

பெரிய தளங்கள் எல்லாம் இப்படித்தான் செய்கின்றன, பயனர்களும் பழகிவிட்டார்கள். இதில் ஒரு பக்க விளைவு உண்டு. ஒரே ஃபில்டரில் கூடுதலாக டிக் செய்தால் முடிவுகள் கூடும். இன்னொரு ஃபில்டரில் டிக் செய்தால் குறையும். ‘ஃபில்டர் போட்டேன், முடிவு அதிகமாகிவிட்டது’ என்று சோதனைக் குழு பிழை எழுதினால், அது பெரும்பாலும் பிழையாக இருக்காது.

அப்படியானால் ‘எல்லாமே இருக்க வேண்டும்’ என்பது எப்போது?

முதலில் பார்க்க வேண்டியது, ஒரு பொருளுக்கு அந்தப் பண்பில் எத்தனை மதிப்புகள் இருக்க முடியும் என்பதை. ஒரு சட்டைக்கு ஒரு பிராண்ட்தான். அங்கே இரண்டு பிராண்டுகளை ‘மற்றும்’ போட்டு இணைத்தால் எப்போதுமே பூஜ்ஜியம்தான் வரும். எனவே ஒற்றை மதிப்புப் பண்புகளில் விவாதத்துக்கே இடமில்லை: ‘அல்லது’தான்.

ஒரு பொருளுக்குப் பல மதிப்புகள் இருக்கும் இடத்தில்தான் யோசிக்க வேண்டும். விடுதி தேடுபவர் வைஃபை, கார் நிறுத்துமிடம் என்று இரண்டையும் டிக் செய்தால் அவருக்கு இரண்டும் வேண்டும். ஆள் எடுப்பவர் பைத்தான், எஸ்கியூஎல் இரண்டையும் டிக் செய்தாலும் அநேகமாக அப்படித்தான். அதே சமயம், செய்தித் தளத்தில் அரசியல், விளையாட்டு என்று இரண்டு தலைப்புகளை டிக் செய்பவர் இரண்டையும் படிக்க விரும்புகிறார். இரண்டு தலைப்பிலும் வரும் ஒரே கட்டுரையைத் தேடவில்லை. வசதி, திறமை, தேவை மாதிரியானவை ‘மற்றும்’ பக்கம் சாயும். வகை, தலைப்பு, ரகம் மாதிரியானவை ‘அல்லது’ பக்கம்.

‘ஏதாவது ஒன்று / எல்லாமும்’ என்று ஒரு சுவிட்ச் வைத்துப் பயனரிடமே விட்டுவிடலாமா என்று சிலர் கேட்பார்கள். நூலகப் பட்டியல், ஆட்சேர்ப்புக் கருவி போல நாள் முழுக்க அதிலேயே வேலை செய்பவர்களுக்கு அது பயன்படும். பொதுமக்கள் வரும் தளத்தில் வேண்டாம் என்பேன். முடிவெடுக்க வேண்டியவர்கள் முடிவெடுக்காமல், சுமையை வாசலில் நிற்பவர் தலையில் இறக்கி வைக்கும் வேலை அது.

எதையுமே டிக் செய்யாவிட்டால்?

எல்லாவற்றையும் காட்டுங்கள். தேர்வு காலியாக இருந்தால் ‘இந்தப் பண்பைப் பற்றி எனக்குக் கவலை இல்லை’ என்று பொருள்.

சொல்ல எளிது, நிரலில் தவறுவதும் எளிது. பட்டியல் காலியாக இருக்கும்போது டேட்டாபேஸிடம் கேட்கும் மொழியான எஸ்கியூஎல்லில், ‘இந்தப் பட்டியலில் உள்ளவை’ என்று பொருள் தரும் ‘இன்’ அடைப்புக்குறிக்குள் எதுவும் இல்லாமல் போனால் மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ்கள் இரண்டும் தொடரியல் பிழை தரும். எஸ்கியூலைட் மட்டும் அதை ஏற்றுக்கொண்டு பூஜ்ஜிய வரிசைகளைத் தரும். அதனால் சொந்தக் கணினியில் எஸ்கியூலைட், சர்வரில் போஸ்ட்கிரெஸ் என்று வைத்திருப்பவர்களுக்கு இது தாமதமாகத்தான் தெரியவரும். பிழையைத் தவிர்க்கச் சிலர் அடைப்புக்குறிக்குள் ‘நல்’ (மதிப்பு இல்லை என்பதைக் குறிக்கும் சொல்) என்று போடுவார்கள். பிழை போய்விடும், முடிவுகளும் போய்விடும். சரியான வழி, பட்டியல் காலியாக இருந்தால் அந்த நிபந்தனையையே குவெரியில் (டேட்டாபேஸுக்கு அனுப்பும் கேள்வியில்) சேர்க்காமல் விடுவது.

எல்லாவற்றையும் டிக் செய்வதும் எதையும் டிக் செய்யாததும் ஒன்றுதானா?

இல்லை. நிறம் பதிவாகாத சட்டைகள் டேட்டாபேஸில் இருந்தால் எல்லா நிறங்களையும் டிக் செய்தபோது அவை விடுபடும். எதையும் டிக் செய்யாதபோது வரும். அந்த வித்தியாசம் பயனருக்குப் புரியாது. ‘குறிப்பிடப்படவில்லை’ என்று ஒரு தேர்வைச் சேர்க்கலாம். அதைவிட நல்லது, தரவை நிரப்புவது.

பல மதிப்புகளை யூஆர்எல்லில் எப்படி அனுப்புவது?

மூன்று வழக்கங்கள் உண்டு. முதலாவது, அதே பெயரைத் திரும்பத் திரும்ப எழுதுவது: ‘நிறம்=சிவப்பு&நிறம்=நீலம்’. எச்டிஎம்எல் படிவத்தில் ஒரே பெயருள்ள செக்பாக்ஸ்களை வைத்தால் பிரவுசர் தானாகவே இப்படித்தான் அனுப்பும். இரண்டாவது, பெயருக்குப் பின்னால் சதுர அடைப்புக்குறி சேர்ப்பது. பிஎச்பியும் ரெயில்ஸும் இதை எதிர்பார்க்கின்றன. மூன்றாவது, கமா போட்டு ஒரே மதிப்பாக அனுப்புவது: ‘நிறம்=சிவப்பு,நீலம்’. பார்க்க அழகு. ஆனால் மதிப்புக்குள்ளேயே கமா வந்தால் அவ்வளவுதான்.

இவற்றில் எது ‘சரி’ என்று எந்தத் தரநிலையும் சொல்லவில்லை. யூஆர்ஐ தொடரியலை வரையறுக்கும் ஆர்எஃப்சி 3986, கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதன் உள்ளமைப்பை நம்மிடமே விட்டுவிட்டது. அதனால் ஒரே யூஆர்எல்லை ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு மாதிரி படிக்கும். ‘நிறம்’ இரண்டு முறை வந்தால், அடைப்புக்குறி இல்லாத நிலையில் பிஎச்பி கடைசி மதிப்பை மட்டும் வைத்துக்கொள்ளும். ஜாங்கோவிலும் சாதாரணமாகக் கேட்டால் கடைசி மதிப்புதான் கிடைக்கும்; முழுப் பட்டியல் வேண்டுமென்றால் ‘கெட்லிஸ்ட்’ அழைக்க வேண்டும். பிளாஸ்க், ஜாவா சர்வ்லெட், பிரவுசரின் ‘யூஆர்எல்சர்ச்பேராம்ஸ்’ மூன்றும் முதல் மதிப்பைத் தரும். அவற்றிலும் முழுப் பட்டியலைப் பெறத் தனி அழைப்பு இருக்கிறது.

‘இரண்டு தேர்ந்தெடுத்தாலும் ஒன்றுக்குத்தான் முடிவு வருகிறது’ என்ற புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். குவெரியைத் தோண்ட ஆரம்பிக்கும் முன், சர்வருக்கு உண்மையில் என்ன வந்து சேர்ந்தது என்று ஒரு வரி லாக் போட்டுப் பாருங்கள்.

இரண்டு தேர்ந்தெடுத்தால் சரியாக வருகிறது. ஒன்று மட்டும் தேர்ந்தெடுத்தால் தவறாக வருகிறது. ஏன்?

நோட்.ஜேஎஸ்ஸில் எக்ஸ்பிரஸ் ஃபிரேம்வொர்க்கைப் பயன்படுத்துகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அங்கே பெயர் ஒருமுறை வந்தால் ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) கிடைக்கும், இரண்டு முறை வந்தால் அர்ரே (மதிப்புகளின் பட்டியல்) கிடைக்கும். ஜாவாஸ்கிரிப்டில் ‘இன்க்ளூட்ஸ்’ இரண்டிலுமே வேலை செய்யும், ஆனால் பொருள் வேறு. அர்ரேயில் அது ‘இந்த உறுப்பு இருக்கிறதா’ என்று கேட்கும். ஸ்ட்ரிங்கில் ‘இந்த எழுத்துத் தொடர் உள்ளே எங்காவது இருக்கிறதா’ என்று கேட்கும். பயனர் ‘கருநீலம்’ மட்டும் டிக் செய்கிறார். அந்த ஸ்ட்ரிங்குக்குள் ‘நீலம்’ ஒளிந்திருப்பதால் நீலச் சட்டைகளும் வந்து நிற்கும். பிழைச் செய்தி எதுவும் வராது.

கோரிக்கை உள்ளே வந்ததுமே, ஒன்றோ பலவோ இல்லையோ, எல்லாவற்றையும் அர்ரேயாக மாற்றிவிடுங்கள். அதற்குப் பிறகு வரும் நிரல் எதுவும் இந்த வித்தியாசத்தைப் பார்க்கவே கூடாது.

யூஆர்எல்லில் தமிழ் மதிப்புகளை வைக்கலாமா?

வைக்கலாம், வேலை செய்யும். ஆனால் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொண்டு வையுங்கள்.

ஒன்று நீளம். ‘சிவப்பு’ என்ற சொல்லில் யூனிகோட் குறியீடுகள் 7. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியுடன் 3 எழுத்தாக மாறும். ஆக, அந்தச் சின்னச் சொல் யூஆர்எல்லில் 63 எழுத்து ஆகிவிடுகிறது. 2022இல் வந்த எச்டிடிபி தரநிலை, குறைந்தது 8000 பைட் நீளமுள்ள யூஆர்ஐகளையாவது எல்லோரும் ஏற்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. அதற்கு மேல் போனால் 414 (‘யூஆர்ஐ மிக நீளம்’) பிழை வந்தாலும் குறை சொல்ல முடியாது. நாற்பது ஐம்பது தமிழ்ச் சொற்களை டிக் செய்யக்கூடிய ஃபில்டரில் இது வெறும் கற்பனைப் பயம் அல்ல.

இன்னொன்று, கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு எழுத்துகள். ‘பொன்னிறம்’ என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். எகரக் கொம்பும் காலும் சேர்ந்த இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். திரையில் எந்த வித்தியாசமும் தெரியாது. பைட்டுகளை ஒப்பிடும் ஃபில்டருக்கோ அவை இரண்டு வேறு சொற்கள். பக்கத்தில் ஒரே பெயரில் இரண்டு செக்பாக்ஸ்கள் தென்பட்டு, ஒவ்வொன்றிலும் பாதி பொருள்கள் மட்டும் வந்தால் இதைச் சந்தேகியுங்கள். தரவைச் சேமிக்கும்போதும், தேடும் சொல்லைப் பெறும்போதும், இரண்டையும் என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிவிட்டால் பிரச்சினை முடிந்தது. ஜாவாஸ்கிரிப்டில் ‘நார்மலைஸ்’ என்ற செயற்கூறு இதற்காகவே இருக்கிறது. போஸ்ட்கிரெஸில் அதே பெயரில் 13ஆம் பதிப்பிலிருந்து கிடைக்கிறது.

இந்த இரண்டு தலைவலியும் வேண்டாமென்றால் யூஆர்எல்லில் எண் அடையாளத்தை வையுங்கள், பெயரைத் திரையில் மட்டும் காட்டுங்கள். என் விருப்பம் இதுதான்.

எஸ்கியூஎல்லில் பாதுகாப்பாக எழுதுவது எப்படி?

மதிப்புகளை ஒட்டவைத்து ஸ்ட்ரிங் கட்டாதீர்கள். எத்தனை மதிப்புகள் உண்டோ அத்தனை கேள்விக்குறிகளை ‘இன்’ அடைப்புக்குறிக்குள் உருவாக்கி, மதிப்புகளைத் தனியே பைண்ட் செய்யுங்கள், அதாவது குவெரியோடு கலக்காமல் அந்தக் கேள்விக்குறிகளுக்கு உரியவையாக அனுப்புங்கள். பல மதிப்புகளையும் கமாவுடன் ஒரே கேள்விக்குறிக்கு அனுப்பிவிட்டு ‘ஏன் எதுவும் வரவில்லை’ என்று கேட்பவர்கள் அதிகம். டேட்டாபேஸ் அதை ‘சிவப்பு,நீலம்’ என்ற ஒரே நிறமாகத்தான் பார்க்கும். போஸ்ட்கிரெஸில் ‘எனி’ பயன்படுத்தி முழு அர்ரேயையும் ஒரே பேராமீட்டராக அனுப்பலாம், இன்னும் சுத்தம்.

பைண்ட் செய்வது மதிப்புகளை மட்டும் காக்கும். எந்த நெடுவரிசையில் தேட வேண்டும் என்பதையும் யூஆர்எல்லில் இருந்து எடுக்கிறீர்கள் என்றால், அனுமதிக்கப்பட்ட பெயர்களின் பட்டியலோடு ஒப்பிட்ட பிறகே குவெரிக்குள் விடுங்கள். நெடுவரிசைப் பெயரைப் பைண்ட் செய்ய முடியாது.

எண்ணிக்கைக்கும் எல்லை உண்டு. எஸ்கியூஎல் சர்வர் ஒரு கோரிக்கைக்கு 2100 பேராமீட்டர். ஆரக்கிள் நெடுங்காலமாக ‘இன்’ பட்டியலில் 1000 மதிப்புகளுக்கு மேல் ஏற்காமல் இருந்தது. எஸ்கியூலைட்டில் இயல்பு எல்லை 999 ஆக இருந்து 2020இல் 3.32.0 பதிப்பில் 32,766 ஆனது, போஸ்ட்கிரெஸ் 65,535. மனிதர் கையால் டிக் செய்து இவற்றைத் தொடப்போவதில்லை. யூஆர்எல்லைக் கையால் திருத்துபவர் தொடுவார். நீங்களே ஒரு உச்சவரம்பை வைத்துவிடுங்கள்.

ஒரே சட்டை பட்டியலில் இரண்டு முறை வருகிறதே?

ஒரு சட்டைக்குப் பருத்தி, பாலியஸ்டர் என்று இரண்டு துணிகள். துணிகளுக்குத் தனி அட்டவணை. இரண்டையும் தேர்ந்தெடுத்து, அட்டவணைகளை இணைக்கும் ‘ஜாயின்’ போட்டால் அந்தச் சட்டை இரண்டு வரிசையாக வருவது இயல்பு.

நகல்களை நீக்கும் ‘டிஸ்டிங்க்ட்’ போட்டால் திரையில் சரியாகிவிடும். ஆனால் மொத்த எண்ணிக்கைக்குத் தனி குவெரி எழுதியிருப்பீர்கள், அதில் போட மறந்திருப்பீர்கள். ‘48 முடிவுகள்’ என்று சொல்லிவிட்டு 41 மட்டும் காட்டும். ஜாயினுக்குப் பதில் ‘எக்சிஸ்ட்ஸ்’ பயன்படுத்துங்கள். ‘இந்தத் துணிகளில் ஏதாவது ஒன்று இந்தச் சட்டைக்கு இருக்கிறதா’ என்பதுதான் நம் கேள்வி. ‘எக்சிஸ்ட்ஸ்’ அதை மட்டும் கேட்கும், வரிசைகளைப் பெருக்காது.

‘எல்லாமே இருக்க வேண்டும்’ என்பதற்கான குவெரி?

இணைப்பு அட்டவணையில் (எந்தப் பொருளுக்கு எந்த மதிப்பு என்று வரிசைக்கு ஒன்றாகப் பதியும் அட்டவணை) தேர்ந்தெடுத்த மதிப்புகளை ‘இன்’ போட்டு எடுத்து, பொருள்வாரியாக ‘குரூப் பை’ செய்து, ‘ஹேவிங்’கில் தனித்த மதிப்புகளின் எண்ணிக்கை தேர்ந்தெடுத்த எண்ணிக்கைக்குச் சமமா என்று பாருங்கள். மூன்று திறமைகள் கேட்டால் மூன்றும் உள்ளவர் மட்டும் வருவார். ‘கவுண்ட் டிஸ்டிங்க்ட்’ முக்கியம். இணைப்பு அட்டவணையில் ஒரே திறமை தவறுதலாக இரண்டு முறை பதிந்திருந்தால் சாதா ‘கவுண்ட்’ ஏமாந்துவிடும். அதேபோல யூஆர்எல்லில் ஒரே மதிப்பு இரண்டு முறை வந்தால் உங்கள் இலக்கு எண் தவறாகிவிடும். எண்ணும் முன் நகல்களை நீக்குங்கள்.

இதைத் தொடர்புசார் தரவுத்தளக் கோட்பாட்டில் ‘வகுத்தல்’ என்பார்கள். எட்கர் காட் எழுபதுகளின் தொடக்கத்திலேயே வரையறுத்துவிட்டார். ஆனால் எஸ்கியூஎல்லில் அதற்கென ஒரு நேரடிச் சொல் வரவே இல்லை, அதனால்தான் இந்தச் சுற்று வழி.

மதிப்புகளை ஒரே நெடுவரிசையில் கமா போட்டு வைத்திருக்கிறேன். அதில் தேடலாமா?

தேடலாம், வருந்துவீர்கள். ‘லைக்’ போட்டு 1 என்று தேடினால் 11, 21, 100 எல்லாம் சிக்கும். மைஎஸ்கியூஎல்லின் ‘ஃபைண்ட் இன் செட்’ சரியான விடை தரும், ஆனால் வேகமாகத் தேட உதவும் இண்டெக்ஸைப் பயன்படுத்தாது. ஒவ்வொரு வரிசையையும் படித்துத்தான் ஆக வேண்டும். தனி இணைப்பு அட்டவணைக்கு மாறுங்கள். போஸ்ட்கிரெஸ் என்றால் அர்ரே நெடுவரிசையும் அதற்கான ‘ஜின்’ வகை இண்டெக்ஸும் நல்ல மாற்று: ‘ஏதாவது ஒன்று’, ‘எல்லாமும்’ இரண்டுக்குமே அதில் நேரடிக் குறிகள் உண்டு.

சிவப்பு, எல் சைஸ் கேட்டால், சிவப்பில் எல் இல்லாத சட்டையும் வருகிறது.

பலரும் சோதிக்காமல் விடும் பிழை இது. சட்டை ஒன்று, சிவப்பில் எம் மட்டும் இருக்கிறது, நீலத்தில் எல் மட்டும் இருக்கிறது. ‘இந்தச் சட்டைக்குச் சிவப்பு உண்டா? உண்டு. எல் உண்டா? உண்டு’ என்று தனித்தனியாகக் கேட்டால் சட்டை தேர்ச்சி பெற்றுவிடும். பயனர் உள்ளே போய்ப் பார்த்து, சிவப்பில் எல் இல்லை என்று திரும்பி வருவார்.

தவறு எங்கே என்றால், நிறமும் அளவும் சட்டையின் பண்புகள் அல்ல, அதன் ஒவ்வொரு வகைமாதிரியின் (ஒரு நிறமும் ஒரு அளவும் சேர்ந்த ஜோடியின்) பண்புகள். ஆகவே இரண்டு ‘எக்சிஸ்ட்ஸ்’ எழுதக் கூடாது. ஒரே ‘எக்சிஸ்ட்ஸ்’க்குள், ஒரே வகைமாதிரி வரிசையின் மேல், இரண்டு நிபந்தனைகளையும் வைக்க வேண்டும். இருப்பு இருக்கிறதா என்ற நிபந்தனையும் அங்கேதான் போக வேண்டும். பிராண்ட், துணி போன்றவை வெளியே சட்டை அளவிலேயே இருக்கட்டும்.

எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளில் இதே பிழை இன்னும் சுலபமாக நுழையும். ஆவணத்துக்குள் வகைமாதிரிகளை ஆப்ஜெக்ட் பட்டியலாக வைத்தால், அது அவற்றைத் தட்டையாக்கி ‘நிறங்கள்: சிவப்பு, நீலம், அளவுகள்: எம், எல்’ என்று இரண்டு தனிப் பட்டியல்களாகச் சேமித்துவிடும். எது எதோடு சேர்ந்தது என்ற தகவலே தொலைந்துபோகும். ‘நெஸ்டெட்’ வகையை அறிவித்தால்தான் ஜோடி கலையாமல் இருக்கும். இல்லையேல் ஒவ்வொரு வகைமாதிரியையும் தனி ஆவணமாகப் போட்டு, காட்டும்போது சட்டைவாரியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு தேர்வுக்குப் பக்கத்திலும் எண்ணிக்கையைக் காட்டுவது எப்படி?

எல்லாக் கேள்விகளிலும் இதற்குத்தான் பொறுமை தேவை. ஒரு சின்னக் கணக்கைப் பார்ப்போம். தளத்தில் மொத்தம் 10 சட்டைகள்: சிவப்பு எல் 3, சிவப்பு எம் 2, நீலம் எல் 4, நீலம் எம் 1. பயனர் சிவப்பையும் எல் சைஸையும் டிக் செய்கிறார். முடிவு 3.

இப்போது நீலத்துக்குப் பக்கத்தில் என்ன எண் வர வேண்டும்? கிடைத்த 3 முடிவுகளிலிருந்து எண்ணினால் 0. எல்லாம் சிவப்புதானே. அதைக் காட்டினால் பயனர் நீலத்தைத் தொடவே மாட்டார். பூஜ்ஜியத்தை மறைக்கும் தளமாக இருந்தால் நீலம் கண்ணிலேயே படாது. பலமதிப்பு ஃபில்டர் ஒரே டிக்கில் ஒற்றைமதிப்பு ஃபில்டராகச் சுருங்கிவிட்டது. சரியான எண் 4. நீலத்தையும் சேர்த்துக்கொண்டால் எல் சைஸில் இன்னும் 4 சட்டைகள் கிடைக்கும், மொத்தம் 7 ஆகும்.

விதி இதுதான்: ஒரு ஃபில்டருக்கான எண்ணிக்கைகளைக் கணக்கிடும்போது அந்த ஃபில்டரின் தேர்வை மட்டும் ஒதுக்கிவிட்டு, மற்ற எல்லா ஃபில்டர்களையும் பொருத்துங்கள். நிற எண்ணிக்கைக்கு ‘எல்’ மட்டும் பொருந்தும். அளவு எண்ணிக்கைக்குச் ‘சிவப்பு’ மட்டும் பொருந்தும். அதன்படி எம் பக்கத்தில் 2 வரும். டிக் உள்ள ஒவ்வொரு ஃபில்டருக்கும் ஒரு தனிக் கணக்கு தேவைப்படும். டிக் இல்லாத ஃபில்டர்களை எல்லாம் முடிவுப் பட்டியலில் இருந்தே எண்ணிக்கொள்ளலாம்.

சோலர் என்ற தேடல் மென்பொருளில் ஒரு ஃபில்டருக்கு டேக் போட்டு, எண்ணும்போது அந்த டேக்கை விலக்கச் சொல்லலாம். எலாஸ்டிக்சர்ச்சில் ‘போஸ்ட் ஃபில்டர்’ இதற்குத்தான்: எண்ணிக்கைகள் எடுத்த பிறகு முடிவுகளை மட்டும் அது வடிகட்டும். ஆனால் இரண்டு மூன்று ஃபில்டர்கள் என்றால் அது மட்டும் போதாது, ஒவ்வொரு எண்ணிக்கைக்குள்ளும் மற்ற ஃபில்டர்களின் நிபந்தனையை எழுத வேண்டியிருக்கும்.

விதிவிலக்கு உண்டு. திறமைகள் போல ‘எல்லாமே வேண்டும்’ வகை ஃபில்டரில் அதன் தேர்வை ஒதுக்கக் கூடாது. பைத்தானைத் தேர்ந்தெடுத்தபின் எஸ்கியூஎல் பக்கத்தில் வர வேண்டியது, இரண்டும் தெரிந்தவர்களின் எண்ணிக்கை.

இன்னொன்று: பலதுணிச் சட்டைகள் இருப்பதால் துணிகளின் எண்ணிக்கைகளைக் கூட்டினால் மொத்தத்தைவிட அதிகமாக வரும். அது சரிதான், யாராவது கேட்டால் விளக்கிக்கொள்ளுங்கள்.

பூஜ்ஜியம் உள்ள தேர்வுகளை மறைக்கலாமா?

மங்கலாக்குங்கள், மறைக்காதீர்கள். ஒவ்வொரு டிக்குக்கும் பட்டியல் குதித்தால் விரல் வேறெங்கோ படும். பட்டியல் மிக நீளம் என்றால் மறைக்கலாம், ஆனால் ஏற்கெனவே டிக் செய்ததை எந்த நிலையிலும் மறைக்கக் கூடாது. மறைத்தால் அதை எடுக்க வழியே இருக்காது.

இந்த முறையை முதலில் யோசித்தது யார்?

வலைத்தளங்களுக்கு வெகு முன்பே நூலகர்கள். ஒரு பொருளை ஒரே மரத்தில் ஒரே கிளையில் மாட்டாமல், பல சுதந்திரமான முகங்களாகப் பிரித்து, அவற்றைச் சேர்த்து அடையாளம் காண்பது என்ற எண்ணத்தை 1933இல் வெளியான கோலன் பகுப்பு முறையில் முழு அமைப்பாக்கியவர் எஸ்.ஆர். ரங்கநாதன், சென்னைப் பல்கலைக்கழக நூலகர். தேடல் மென்பொருள்களில் ‘ஃபேசட்’ என்று நாம் சொல்வது அவர் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல்தான்.

‘இவை தவிர’ என்று விலக்கும் ஃபில்டர் வைக்கலாமா?

வைக்கலாம், ‘நல்’ மதிப்புகளைக் கவனியுங்கள். ‘நாட் இன்’ பட்டியலுக்குள் ஒரே ஒரு ‘நல்’ நுழைந்தாலும் முடிவு முழுக்கக் காலியாகிவிடும். நெடுவரிசையில் ‘நல்’ உள்ள வரிசைகளும் வராது: சிவப்பு வேண்டாம் என்றால், நிறம் பதிவாகாத சட்டையும் காணாமல் போகும். ‘நாட் எக்சிஸ்ட்ஸ்’ இந்த இடத்தில் நம்பகமானது.

டிக் செய்ததும் உடனே தேட வேண்டுமா, ‘பொருத்து’ பட்டன் வேண்டுமா?

பெரிய திரையில் உடனே, கைபேசியில் பட்டன். கைபேசியில் ஃபில்டர் பலகை முடிவுகளை மூடிக்கொண்டிருக்கும், உடனே தேடினாலும் பயனருக்குத் தெரியாது. பட்டனிலேயே ‘7 முடிவுகளைக் காட்டு’ என்று எண்ணை மாற்றிக்கொண்டே இருங்கள்.

உடனே தேடுவதாக இருந்தால் ஒரு ஆபத்து. பயனர் விறுவிறுவென்று மூன்று டிக் செய்கிறார், மூன்று கோரிக்கைகள் போகின்றன. இரண்டாவதன் பதில் மூன்றாவதற்குப் பிறகு வந்து சேர்ந்தால், திரையில் பழைய முடிவு உட்கார்ந்துகொள்ளும். மூன்று டிக் தெரியும், இரண்டு டிக்குக்கான முடிவு தெரியும். புதிய கோரிக்கை கிளம்பும்போது பழையதைப் பிரவுசரின் ‘அபார்ட்கண்ட்ரோலர்’ மூலம் ரத்து செய்யுங்கள். கால் விநாடி காத்திருந்து அனுப்பினால் கோரிக்கைகள் குறையும், ஆனால் வரிசை மாறும் பிரச்சினையை அது தீர்க்காது. அதற்கு ரத்துதான் மருந்து.

ஃபில்டர் போட்டதும் சில சமயம் காலிப் பக்கம் வருகிறது.

பயனர் 5ஆம் பக்கத்தில் இருந்தபடி ஃபில்டரை மாற்றியிருப்பார், புதிய முடிவு இரண்டு பக்கம்தான் இருக்கும். ஃபில்டர் மாறினால் பக்க எண் 1க்குத் திரும்ப வேண்டும்.

பேக் பட்டன்?

தேர்வுகள் யூஆர்எல்லில் இருக்கட்டும். அப்போதுதான் பக்கத்தைப் புதுப்பித்தாலும், இணைப்பை நண்பருக்கு அனுப்பினாலும் அதே முடிவு வரும். ஒவ்வொரு டிக்கையும் வரலாற்றில் தனிப் பதிவாகச் சேர்ப்பதா, இருப்பதை மாற்றி எழுதுவதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சேர்ப்பதே நல்லது என்பது என் கட்சி. பேக் அழுத்துபவர் கடைசி டிக்கைத் திரும்பப் பெறத்தான் பெரும்பாலும் அழுத்துகிறார்.

செக்பாக்ஸா, பலதேர்வு டிராப்டவுனா?

செக்பாக்ஸ். எச்டிஎம்எல்லின் ‘மல்டிபிள்’ செலக்ட் பெட்டியில் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்க கணினியில் கண்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டே கிளிக் செய்ய வேண்டும். அது தெரியாமல் கிளிக் செய்தால் முன்பு தேர்ந்தெடுத்ததெல்லாம் போய்விடும். தேர்வுகள் நூற்றுக்கணக்கில் இருந்தால் செக்பாக்ஸ் பட்டியலுக்கு மேல் ஒரு தேடல் பெட்டி வையுங்கள், டிக் செய்தவை மேலே வந்து நிற்கட்டும்.

ஒவ்வொரு ஃபில்டரையும் ‘ஃபீல்ட்செட்’டுக்குள் வைத்து ‘லெஜெண்ட்’ கொடுத்தால், திரைவாசிப்பான் பயன்படுத்துபவருக்கு ‘எல்’ என்பது அளவு என்று தெரியும். டிக் செய்ததும் பக்கம் புதிதாக ஏறாமல் முடிவுகள் மட்டும் மாறுகின்றன என்றால், ‘7 முடிவுகள்’ என்ற வரியை லைவ் பகுதியாக (மாறியதும் திரைவாசிப்பான் தானாக வாசிக்கும் பகுதியாக) அறிவியுங்கள். 2018இல் வந்த வலை அணுகல்தன்மை வழிகாட்டியான டபிள்யூசிஏஜி 2.1, இத்தகைய நிலைச் செய்திகள் ஃபோகஸ் மாறாமலேயே வாசித்துக் காட்டப்பட வேண்டும் என்று கேட்கிறது.

எலாஸ்டிக்சர்ச்சில் ‘கரும் பச்சை’ என்று ஃபில்டர் போட்டால் எதுவும் வரவில்லை.

அந்தப் புலம் ‘டெக்ஸ்ட்’ வகையாக இருக்கும். அது சொற்களாக உடைக்கப்பட்டுச் சேமிக்கப்படுகிறது. ‘டெர்ம்ஸ்’ குவெரியோ உடைக்காமல் முழுதாகத் தேடுகிறது. ஃபில்டர் புலங்களுக்குக் ‘கீவேர்ட்’ வகை. நிபந்தனையைப் ‘பூல்’ குவெரியின் ‘ஃபில்டர்’ பகுதியில் வையுங்கள். அங்கே மதிப்பெண் கணக்கிடப்படாது, விடையைத் தற்காலிகமாகச் சேமித்து வைக்கவும் அதற்கு வசதி.

கூகுள் என் ஃபில்டர் பக்கங்களை எல்லாம் தானாக வந்து படித்துக்கொண்டே இருக்கிறது. எப்படி நிறுத்துவது?

நான்கு ஃபில்டர், ஒவ்வொன்றிலும் 10 தேர்வு என்றால் 40 செக்பாக்ஸ். சாத்தியமான சேர்க்கைகள் 2இன் 40ஆம் அடுக்கு, அதாவது ஒரு லட்சம் கோடிக்கும் மேல். ‘சிவப்பு, நீலம்’ என்பதும் ‘நீலம், சிவப்பு’ என்பதும் வெவ்வேறு யூஆர்எல்லாக இருந்தால் இன்னும் மோசம். முதலில் மதிப்புகளை எப்போதும் ஒரே வரிசையில் அடுக்கி யூஆர்எல்லை உருவாக்குங்கள். விடைகளைத் தற்காலிகமாகச் சேமிக்கும் உங்கள் கேஷுக்கும் அது நல்லது.

பிறகு எவை தேடலில் வர வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். ‘சிவப்புச் சட்டைகள்’ போன்ற ஒற்றைத் தேர்வுப் பக்கங்களை மக்கள் தேடுவார்கள். அவற்றுக்குச் சாதாரண இணைப்பு கொடுங்கள். மற்றவற்றை, தேடுபொறிகள் எங்கே வரக் கூடாது என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் தடுக்கலாம். பக்கத்தைத் தேடலில் சேர்க்காதே என்று சொல்லும் ‘நோஇண்டெக்ஸ்’ மட்டும் போட்டால் போதாது: அந்தக் குறியைப் பார்க்கவே கூகுள் பக்கத்துக்குள் வர வேண்டும், சர்வர் சுமை குறையாது. ரோபாட்ஸில் தடுத்த பக்கத்தில் ‘நோஇண்டெக்ஸ்’ போட்டாலும் அது படிக்கப்படாது, ஆகவே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சர்ச் கன்சோலில் பேராமீட்டர்களைக் குறிப்பிடும் கருவி ஒன்று இருந்ததே என்று பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டுத் தேட வேண்டாம். 2022இல் அதை நீக்கிவிட்டார்கள்.